எச்சில் வாளி

எங்கள் தீவில் மூன்று இடங்களில் ஜீப்பை நிறுத்துவேன். முதலில் உப்புக் குன்று. அங்கே இறங்கியதும் எல்லோரும் கையை விரித்து நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். அடுத்தது அலையாத்திக் காட்டின் மேல் கட்டிய மரமேடை. அங்கேயும் அதே கை, அதே படம். கடைசியாக மேற்குப் பாறை. சூரியன் கடலில் இறங்கும் நேரத்தில் அங்கே கூடாரம் போட்டு, மேசை விரித்து, ஒயின் ருசி பார்க்க வைப்பார்கள். அரை நாள் ஜீப் டூர் என்று அதற்குப் பெயர். அந்த டூரில் வேலை பார்த்த ராசம்மாக்காவைப் பற்றிச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். சாப்பிட்டுக்கொண்டே படிக்கிறவர்கள் சாப்பிட்டு முடித்துவிட்டு வாருங்கள்.

நான் ராமநாதபுரம் பக்கம். அபுதாபி முசஃபாவில் ஒரு கராஜில் வருஷக்கணக்கில் கிரீஸில் புரண்டுவிட்டு, லைசென்ஸ் கிடைத்ததும் இந்தத் தீவு ரிசார்ட்டுக்கு டிரைவராக வந்தேன். கராஜில் அழுக்கு உண்டு, அருவருப்பு கிடையாது. இரண்டும் வேறு வேறு என்பது இங்கே வந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

ராசம்மாக்கா இலங்கை மலைநாட்டுக்காரர். ஹட்டன் பக்கம் ஏதோ ஒரு தேயிலைத் தோட்டம். ஐம்பதைத் தொட்ட வயது, ஒல்லியான உடம்பு, எண்ணெய் தடவி இறுக்கிய கொண்டை. புருஷன் செத்துப் பல வருஷம் ஆகிவிட்டது. ஒரே மகள் சந்தியா ஊரில் ஆசிரியர் கலாசாலையில் படித்துக்கொண்டிருந்தாள். அவள் படிப்பு முடியும்வரை இந்த விசா நிற்க வேண்டும். அக்காவுக்கு இருந்த ஆசை அவ்வளவுதான். மேற்குப் பாறையில் மேசை விரிப்பது, தட்டு வைப்பது, கிளாஸ் துடைப்பது அவருடைய வேலை. அவர் துடைத்த கிளாஸில் விரல் தடம் ஒன்றுகூட இருக்காது.

தீவுக்கு வருமுன் அபுதாபியில் ஒரு வீட்டில் வேலை பார்த்திருக்கிறார். அந்த வீட்டுக் கதையை ஜீப்பில் போகும்போது கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். பிள்ளைகள் கடித்துப் போட்ட கோழித்துண்டு, பாதி தின்ற ரொட்டி, பாலில் ஊறிக் கூழாகிப்போன கார்ன்ஃப்ளேக்ஸ், எல்லாவற்றையும் வீட்டுக்காரி ஒரே தட்டில் வழித்து வைப்பாளாம். அதுதான் சாப்பாடு. தனக்கென்று ஒரு பிடி அரிசி பொங்கிக்கொள்ள அனுமதி கிடையாது. தின்றார். தின்றுவிட்டுப் பல நாள் பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு, சத்தம் வெளியே கேட்காமல் வாந்தி எடுத்தார். அந்த வீட்டை விட்டு வெளியே வந்த அன்று, இனிமேல் ஒருவர் எச்சிலையும் தொடுவதில்லை என்று முடிவு செய்தாராம். சாமி மேல் சத்தியம் பண்ணினீர்களா என்று கேட்டேன். தனக்குத் தானே சொல்லிக்கொண்டதுதான், சாமியை எதற்கு இதில் இழுக்க வேண்டும் என்றார்.

இந்த ஒயின் கூத்து போன குளிர் சீசனில்தான் தொடங்கியது. அதற்கென்று ஒரு வெள்ளைக்காரரை வரவழைத்தார்கள். நாங்கள் அவருக்கு ஒயின் வாத்தியார் என்று பெயர் வைத்தோம். கிளாஸைச் சுழற்றச் சொல்வார், மோந்து பார்க்கச் சொல்வார், ஒரு மிடறு வாயில் விட்டுக் கொப்பளிக்கச் சொல்வார். பிறகு மேசையோரம் நிற்கும் பளபளப்பான வெள்ளி வாளியில் அதைத் துப்பச் சொல்வார். நாம் காலையில் பல் விளக்கிவிட்டு வாஷ்பேசினில் செய்வதை இவர்கள் கடலைப் பார்த்துக்கொண்டு, காசும் கொடுத்துச் செய்கிறார்கள். சீமான்களும் சீமாட்டிகளும் வரிசையில் நின்று ஒரே வாளியில் துப்புவதை முதல் தடவை பார்த்தபோது நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

முதல் நாள் ராசம்மாக்காவுக்கு இது எதையும் யாரும் சொல்லி வைக்கவில்லை. பரிமாறிய ஒன்றை விருந்தாளி வாயில் வைத்துவிட்டுத் துப்பினால் நம் வீடுகளில் அதற்கு ஒரே அர்த்தம்தான். அவருக்கு முகம் வெளுத்துவிட்டது. வாத்தியார் கூட்டத்தைச் சூரியன் காட்டப் பாறை விளிம்புக்கு அழைத்துப் போன நேரம் பார்த்து, திறந்திருந்த பாட்டில்கள் அத்தனையையும் மணலில் கவிழ்த்து ஊற்றினார். அதோடு விடவில்லை. பாட்டில்களைத் தண்ணீர் விட்டு அலசி வரிசையாக நிறுத்தியும் வைத்தார். நாற்காலி தூக்க வந்திருந்த ஹஸ்னைன் பதறிப்போய் என்னக்கா இது என்று கேட்டான்.

"கெட்டுப்போச்சு தம்பி. எல்லாருமே துப்புறாங்க, மரியாதைக்கு ஒண்ணும் சொல்லாம இருக்காங்க. இன்னும் யாராச்சும் குடிச்சு வயித்தால போனா என்ன செய்றது?"

வாத்தியார் திரும்பி வந்து ஒரு பாட்டிலைத் தூக்கித் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தார். ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தது. நானும் ஹஸ்னைனும் ஜீப்புக்குப் பின்னால் போய் வயிறு வலிக்கச் சிரித்தோம். அந்தச் சிரிப்பு மறுநாள் காலை வரைதான் இருந்தது.

எங்கள் சூப்பர்வைசர் சேதுமாதவன் பாலக்காட்டுக்காரர். தமிழ் நன்றாகப் பேசுவார். வார்னிங் கொடுத்த கையோடு, இனிமேல் துப்புகிற வாளி ராசம்மாவின் பொறுப்பு என்றார். வாளியை யார் தூக்குவது என்பது அதுவரை முடிவாகாமல் இருந்தது. டிரைவரான நான் தொடக்கூடாது. டிரைவர் மேல் மது வாடை அடித்தாலே வேலை போய்விடும், அது கம்பெனி விதி. ஹஸ்னைன் தன் மதத்தில் மதுவைத் தொடக்கூடாது என்றான், கம்பெனி மரியாதையாக ஒப்புக்கொண்டது. அதில் ஒரு தப்பும் இல்லை. மிச்சம் இருந்தது ராசம்மாக்கா. தன்னால் முடியாது என்று அவரும் போய்ச் சொன்னார்.

"உங்க மதத்துல ஒயின் தொடக்கூடாதுன்னு இருக்கா?" என்றார் சேதுமாதவன்.

"ஒயினுக்கு ஒண்ணுமில்லைங்க. எச்சில்தான்."

"எச்சில் ஒரு காரணமா? ஆஸ்பத்திரில நர்ஸுங்க தொடலையா?"

"நோயாளி எச்சில்னா நானும் தொடுவேங்க. அவங்களுக்கு ஏலாது. இவங்களுக்கு என்ன கேடு?"

சேதுமாதவன் போனைப் பார்க்கத் தொடங்கினார். எச்சில் என்றால் என்னவென்று அந்த மனுஷனுக்குத் தெரியாதா? மெஸ்ஸில் அவருக்கென்று தனி டம்ளர் உண்டு, அடியில் நகப்பாலிஷால் பொட்டு வைத்திருப்பார். ஒருநாள் தெரியாமல் ஹஸ்னைன் அதில் தண்ணீர் குடித்துவிட்டான். எச்சில் கையால் காக்கா ஓட்டாத ஆள், அன்றைக்கு ஒரு நல்ல எவர்சில்வர் டம்ளரையே குப்பையில் போட்டார்.

மகளுக்குக் கடைசிப் பரீட்சை பாக்கி இருந்தது. ராசம்மாக்கா சரி என்று தலையாட்டிவிட்டு, கையுறையாவது கொடுங்கள் என்று கேட்டார். கையுறை போட்டுக்கொண்டு வாளியைத் தூக்கினால் கெஸ்டுகளின் மனம் புண்படும் என்று அதையும் மறுத்துவிட்டார்கள். துப்புகிறவன் மனதுக்கு வலிக்குமாம்.

தீவு முழுக்கக் காட்டுவிலங்குச் சரணாலயம் என்பதால் எதையும் மணலில் ஊற்றக் கூடாது. முதல் நாள் அக்கா ஊற்றியதற்கே பெரிய விசாரணை நடந்தது. அதனால் அந்த வாளி மூடி போட்டு என் ஜீப்பிலேயே திரும்பி வரும். கெஸ்டுகளை வேறு வண்டி அழைத்துப் போய்விடும். சாமான், வாளி, ராசம்மாக்கா மூவரும் என்னோடு. மேடும் பள்ளமுமான பாதையில் அக்கா வாளியை இரண்டு கால்களுக்கும் நடுவில் இடுக்கிப் பிடித்துக்கொண்டு வருவார். என்னதான் மூடினாலும் ஒரு குலுங்கலில் விளிம்பு வழியாக வழியும். சிவப்பும் மஞ்சளும் கலந்த கலங்கல், மேலே நுரை, அதில் மென்று துப்பிய சீஸும் திராட்சைத் தோலும் மிதக்கும். புளித்த வாடையோடு மனிதர்களின் வாய் வாடையும் சேர்ந்து வரும். எல்லாக் கண்ணாடியையும் இறக்கிவிட்டுத்தான் ஓட்டுவேன். அக்கா முகத்தை வெளியே திருப்பிக்கொண்டு வருவார். பாதையோரம் மான் நின்றால்கூட அதைப் பார்க்க மாட்டார்.

வந்ததும் பாத்திரம் கழுவும் சோப்பால் கையைத் தேய்ப்பார், பிறகு எலுமிச்சைத் தோலால், பிறகு மறுபடி சோப்பால். மெஸ்ஸில் சோற்றைப் பிசைவார், கை வாய்க்குப் போகாது. தட்டை நகர்த்தி வைத்துவிட்டு டீயை மட்டும் குடித்துவிட்டுப் போவார். கன்னம் ஒட்டிப்போனது, யூனிஃபார்ம் தோளில் நிற்காமல் சரிந்தது. விட்டுத் தொலையுங்கள் அக்கா, வேறு இடம் பார்க்கலாம் என்று நானே பலமுறை சொல்லியிருக்கிறேன். பிள்ளை பரீட்சை எழுதி முடிக்கட்டும் என்பதைத் தவிர அவரிடமிருந்து வேறு பதில் வந்ததில்லை.

அப்படி இருக்கும்போதுதான் துபாயிலிருந்து ஒரு பிறந்தநாள் கூட்டம் வந்தது. பிறந்தநாள்காரி அனன்யா, சென்னைப் பெண், ஏதோ பெரிய வேலையில் இருப்பவள். கூட வந்தவர்கள் பல தேசத்துக்காரர்கள். ராசம்மாக்கா என்னோடு தமிழில் பேசுவதைக் கேட்டுவிட்டு அவளுக்கு ஒரே சந்தோஷம். வழியெல்லாம் ஆன்ட்டி, ஆன்ட்டி என்று அழைத்தாள். உப்புக் குன்றில் அக்காவைப் பக்கத்தில் நிறுத்தி ஒரு படமும் எடுத்துக்கொண்டாள். நல்ல பெண் என்றே நானும் நினைத்தேன்.

மேற்குப் பாறையில் மற்றவர்கள் குனிந்து வாளியில் துப்பினார்கள். அனன்யா தரையைத் தொடும் வெள்ளை கவுன் போட்டிருந்தாள். குனிந்தால் அதில் பட்டுவிடும்.

"ஆன்ட்டி, வாளியைக் கொஞ்சம் கிட்டக்க தூக்கிப் பிடிங்களேன்" என்றாள்.

அக்கா தூக்கிப் பிடித்தார். அந்தப் பெண்ணின் முகவாய்க்கு நேரே, இரண்டு கைகளாலும். அவள் வாய் நிறைய ஒயினோடு யாரோ சொன்ன பகடிக்குச் சிரித்துவிட்டாள். வாளிக்குள் விழ வேண்டியது மொத்தமும் அக்காவின் மணிக்கட்டில், கழுத்தில், முகத்தில் தெறித்தது. உதட்டோரத்திலிருந்து ஒரு கோடு வழிந்தது. அனன்யா ஸாரி ஆன்ட்டி என்றபடி டிஷ்யூவை எடுத்தாள். எடுத்துத் தன் கவுனைத் துடைத்தாள். துடைத்துக்கொண்டே, என் டிரஸ்ல பட்டிருக்கா பாருங்க ஆன்ட்டி என்று கேட்டாள்.

இதை எழுதும்போதுகூட எனக்கு நாக்கில் எச்சில் ஊறுகிறது, காறித் துப்பத் தோன்றுகிறது.

ராசம்மாக்கா ஒரு சொட்டும் சிந்தாமல் வாளியை மெல்ல மணலில் இறக்கி வைத்தார். தோளில் கிடந்த கிளாஸ் துடைக்கும் துணியை எடுத்து உதட்டை அழுத்தித் துடைத்தார். குரலை உயர்த்தவே இல்லை.

"மகள், நீங்க துப்புனத நீங்களே கொண்டு போய் ஊத்துங்க. எனக்கு ஏலாது."

மற்றவர்களுக்குத் தமிழ் தெரியாது, ஏதோ வாழ்த்துச் சொல்கிறார் என்றுகூட நினைத்திருப்பார்கள். அனன்யாவுக்குப் புரிந்தது. சொன்ன வார்த்தை மட்டுமல்ல, அதற்கு அடியில் இருந்ததும் புரிந்தது. அவள் முகம் அப்படிச் சிவந்ததை நான் பார்த்தேன். ஒரு நிமிஷம் மன்னிப்புக் கேட்கப் போகிறாள் என்று நம்பினேன். அவள் வாத்தியார் பக்கம் திரும்பி, உங்கள் ஸ்டாஃப் என்னை அவமானப்படுத்திவிட்டார் என்று ஆங்கிலத்தில் சொன்னாள்.

மறுநாள் சேதுமாதவன் இரண்டே வழி வைத்தார். அந்தப் பெண்ணிடம் போனில் மன்னிப்புக் கேட்பது, இல்லையென்றால் விசா கேன்சல். கலாசாலை முடிய இன்னும் சில மாதங்கள் இருந்தன. கேட்டுவிடுங்கள் அக்கா, வாய் வார்த்தைதானே என்று ஹஸ்னைன் கெஞ்சினான். மன்னிப்புக் கேட்டால் மறுபடியும் வாளி கைக்கு வரும் என்றார் அக்கா. ஊருக்குப் போய்க் கொழுந்து பறித்தாவது பிள்ளையைக் கரையேற்றிவிடுவேன், அதுவும் முடியாவிட்டால் பிள்ளை என்னை மன்னிக்கட்டும் என்றார். சேதுமாதவனிடம் கேன்சல் என்று ஒரே சொல்தான் சொன்னார்.

பேப்பர் வேலை முடியும்வரை அவர் மேசை விரிக்க வந்துகொண்டிருந்தார், வாளியைத் தொடவில்லை. அதைத் தூக்க வேறு ஆள் இல்லை. முதல் நாள் சேதுமாதவனே தூக்கினார். உடம்பில் படாமல் கையை நீட்டிப் பிடித்துக்கொண்டு, மூக்கைச் சுருக்கிக்கொண்டு ஜீப் வரை நடந்தார். பாதி வழியில் வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கிப் போய் ஓங்கரித்தார்.

அடுத்த நாள் வாளியைக் காணோம். ஒவ்வொரு கெஸ்டுக்கும் மூடி போட்ட ஒரு பேப்பர் கப். அவரவர் கப்பில் அவரவர் துப்பி, அவரவரே மூடிப் பையில் போட்டார்கள். யார் மனமும் புண்படவில்லை. யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஒரு சீசன் முழுக்க அந்த மனுஷியைச் சோறு இறங்காமல் சாகடித்துவிட்டு, தங்கள் கைக்கு வந்ததும் ஒரே நாளில் பேப்பர் கப் கண்டுபிடித்துவிட்டார்கள். ராசம்மாக்கா அந்தக் கப்புகளைப் பார்த்தார். பிறகு மேசை விரிப்பை மடித்தார். திட்டியிருந்தால்கூட எனக்கு ஆறியிருக்கும்.

அவர் கிளம்பிய அன்று நான்தான் படகுத்துறைக்கு அழைத்துப் போனேன். படகு வரத் தாமதமானது. வெயிலில் ஜீப்புக்குள் உட்கார்ந்திருந்தோம். தண்ணீர் இருக்கிறதா தம்பி என்று கேட்டார். என்னிடம் இருந்தது ஒரே பாட்டில், பாதிதான் மிச்சம், நான் வாய் வைத்துக் குடித்தது. அதை அவரிடம் எப்படி நீட்டுவது என்று கூசினேன். வேறு வாங்கி வருகிறேன் என்று கதவைத் திறந்தேன். எதுக்கு தம்பி, உங்களுக்கும் தாகமாத்தானே இருக்கும் என்று அவரே பாட்டிலை எடுத்துக்கொண்டார்.

தலையை அண்ணாந்து, பாட்டிலை உயரத் தூக்கி, உதட்டில் படாமல் இரண்டு மிடறு ஊற்றிக்கொண்டார். கழுத்து நரம்பு ஏறி இறங்கியது. மூடியைத் திருகி, பாட்டிலின் வாயில் தன் விரல்கூடப் படாமல் அடியில் பிடித்து என்னிடம் நீட்டினார்.

"வாய் படல தம்பி, குடிங்க."

நான் வாங்கிக் குடித்தேன். படகு வந்தது, அவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஏறினார்.