கதவுக்காரர் கழுவிய இன்ஜின்

கார் இன்ஜினை வீட்டு வாசலிலேயே சுத்தம் செய்து தருவது என் தொழில். அதில் அழுக்கை அகற்றுவது சுலபம், கார் தயாரிக்கும் ஊரில் கார்க்காரரை அகற்றுவதுதான் கஷ்டம். பிரஷ்ஷும் பழைய பனியன் துணியுமாக பானெட்டுக்குள் தலையை விட்டுப் பிழைக்கும் சகோதரர்களுக்கு இது புரியும். ஒரகடம் பக்கம் எந்த வீட்டுக்குப் போனாலும், ஏதாவதொரு வண்டியில் ஏதாவதொரு பாகத்தைப் பூட்டுகிற ஒருவர் இருப்பார். சென்ற மாதம் வடக்குப்பட்டில் ஒரே வாடிக்கையாளரிடம் நான் பட்டதை மட்டும் சொல்கிறேன்.

பதினேழு வருட அனுபவம்

தேவசகாயம் அண்ணன் ஒரு கார் கம்பெனியில் பதினேழு வருடமாகக் கதவு மாட்டுகிறார். நான் போன நாளுக்கு மறுநாள் காலை பத்து மணிக்கு அவர் மகளுக்குச் சர்ச்சில் கல்யாணம். மணப்பெண் அப்பாவின் பழைய வெள்ளைக் காரில்தான் வருவாள் என்று சம்பந்தியிடம் மார்தட்டியிருந்தார். சம்பந்தியோ வேறொரு கம்பெனியில் இன்ஜின் இன்ஸ்பெக்டர். யார் காரைக் கண்டாலும் நலம் விசாரிப்பதற்கு முன்பே பானெட்டைத் திறந்துவிடும் ரகம். ஆகவே இன்ஜின் பளபளக்க வேண்டும்.

பானெட்டைத் திறக்கச் சொன்னேன். ஸ்டியரிங்குக்குக் கீழே, சீட்டுக்குப் பக்கத்தில் என்று எங்கெங்கோ தடவிவிட்டு, டிக்கியைத் திறந்து கொடுத்தார். என் பார்வைக்கு அவர் கொஞ்சமும் அசரவில்லை.

“பானெட் நம்ம ஸ்டேஷன் இல்ல தம்பி, கம்பெனி லைன்ல அத வேற ஆளு பாத்துக்குவான்.”

மழை டெஸ்ட்

கேட்காதவர்களுக்கும் முறையை விளக்குவது என் கெட்ட பழக்கம். இன்ஜின் ஆறியிருக்க வேண்டும். பேட்டரி ஒயரைக் கழற்ற வேண்டும். தண்ணீர் படக்கூடாத இடங்களைப் பாலிதீனால் மூட வேண்டும். பிசுக்குக்கு மருந்து தெளித்து, பிரஷ்ஷால் தேய்த்து, ஈரத்துணியால் துடைக்க வேண்டும். ஹோஸ் பைப் கூடவே கூடாது. இவ்வளவையும் உபதேசித்துவிட்டு, பாலிதீன் போதவில்லை என்று கடைக்குப் போனேன். பத்து நிமிடம்தான். திரும்பி வந்தால், அண்ணன் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, செடிக்குத் தண்ணீர் விடும் பைப்பால் இன்ஜினைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்.

கத்தினேன். அண்ணன் நிதானமாக விளக்கினார். அவர்கள் கம்பெனியில் கதவு மாட்டிய ஒவ்வொரு காரையும் செயற்கை மழையில் நிறுத்தி, உள்ளே ஒழுகுகிறதா என்று பார்ப்பார்களாம். அப்போது பானெட் மூடியிருக்கும் என்ற நுட்பமான வேறுபாட்டைச் சுட்டிக்காட்டினேன்.

“இன்னா தம்பி பயப்படுற? பதினேழு வருசத்துல நான் மாட்ன கதவு ஒண்ணு ஒழுகினது இல்ல!”

ஹேர் டிரையர்

தெம்பாகச் சாவியைத் திருப்பினார். இன்ஜின் இருமியது, கிளம்பவில்லை. ஸ்பார்க் பிளக் இருக்கும் நான்கு குழிகளிலும் தண்ணீர். செம்பரம்பாக்கம் ஏரிக்கு நான்கு கிளைகள் திறந்தது போலிருந்தது. வாடகைக் காருக்கு ஏழெட்டுப் பேருக்குப் போன் போட்டார். மறுநாள் முகூர்த்த நாளாம், ஒன்றும் காலியில்லை. அண்ணன் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். மகளைப் பட்டுப்புடவையோடு பஸ்ஸில் ஏற்றும் காட்சி அவர் முகத்தில் ஓடியது.

துணியைத் திரித்துக் குழிக்குள் விட்டுத் தண்ணீரை உறிஞ்சினேன். பிறகு மணப்பெண் ஸ்டெல்லாவின் ஹேர் டிரையரை வாங்கி ஒரு மணி நேரம் ஊதினேன். தலையில் ஈரத் துண்டோடு அவள் பக்கத்திலேயே காத்திருந்தாள்.

“அதுக்குக் காஞ்சதும் குடுங்கண்ணா, எனக்கும் காயணும், ரெண்டு பேர்ல ஒருத்தராவது நாளைக்குக் கெளம்பணும்ல?”

சம்பந்தியின் தீர்ப்பு

நாலாவது தடவை சாவியைத் திருப்பியபோது இன்ஜின் பிடித்துக்கொண்டது. அது ஆறியதும் மிச்ச அழுக்கையும் தேய்த்துத் துடைத்து வேலையை முடித்தேன். இருந்தாலும் மறுநாள் நானும் கூட வர வேண்டும் என்று அண்ணன் பிடிவாதம். பூச்சரம் சுற்றிய காரின் முன்சீட்டில், சட்டைப்பையில் ஸ்பேனரோடு, வழியெல்லாம் இன்ஜின் சத்தத்தையே கேட்டுக்கொண்டு போனேன். பத்துக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது மணப்பெண் சர்ச் வாசலில் இறங்கினாள்.

சர்ச்சில் கல்யாணப் பூசை முடிந்ததும் சம்பந்தி நேராகக் காரிடம் வந்தார். பூச்சரத்தை ஒதுக்கி பானெட்டைத் திறந்தார். பட்டு வேட்டியோடு குனிந்தார். விரலால் தடவி முகர்ந்து பார்த்தார். ஒரு பொட்டு அழுக்கில்லை. அண்ணனுக்குத் தலைகால் புரியவில்லை. சம்பந்தி பானெட்டை மெல்ல மூடினார், அண்ணன் தோளில் கைபோட்டார், குரலைத் தாழ்த்தினார்.

“இவ்ளோ தொடச்சி வெச்சிருந்தா சும்மாவா சம்பந்தி? ஆயில் எங்க ஒழுகுதுன்னு சொல்லிடுங்க, நான் யார் கிட்டயும் சொல்ல மாட்டேன்.”

அன்றிலிருந்து கல்யாணக் கார் என்றால், பெண் வீட்டாரின் மானத்தை உத்தேசித்து, ஒரு மூலையில் கொஞ்சம் அழுக்கைத் துடைக்காமல் விட்டுவைக்கிறேன்.