இருபத்து நாலைத் தொட்ட நாள்

நம் நாட்டு ரூபாய் விழ வேண்டும் என்று ஒரு வருஷத்துக்கும் மேலாக ஐந்து வேளையும் துஆ கேட்டவள் நான். பள்ளிக்கூடத்தில் கொடியேற்றும்போது முன் வரிசையில் நின்று தொண்டை கிழியப் பாடியவள்தான். தேசப்பற்றில் ஒரு குறையும் கிடையாது. ஆனால் என் வீட்டுக்காரர் துபாயில் ஏசி மெக்கானிக்காக இருந்தார். அவருக்குச் சம்பளம் திர்ஹத்தில். ரூபாய் எவ்வளவு விழுகிறதோ அவ்வளவு சீக்கிரம் அவர் ஊர் வந்து சேர்வார் என்பது எங்களுக்குள் இருந்த ஒப்பந்தம்.

ஆறு வருஷமாகச் சேர்த்ததை அவர் அங்கேயே திர்ஹமாக வைத்திருந்தார். ஒரு திர்ஹம் இருபத்து நாலு ரூபாயைத் தொட்டால் மொத்தத்தையும் மாற்றிக்கொண்டு வந்து, கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் சொந்தமாக ரிப்பேர் கடை போட்டு ஊரிலேயே இருந்துவிடுவதாகச் சொல்லியிருந்தார். அப்படிச் சொன்னபோது ரேட் இருபத்து மூன்றுக்குக் கீழே கிடந்தது.

எனக்கு அப்போது முப்பத்து மூன்று முடிந்திருந்தது. எங்களுக்குப் பிள்ளை இல்லை. கள்ளக்குறிச்சியில் நான் காட்டிக்கொண்டிருந்த டாக்டரம்மா, "உங்ககிட்ட ஒண்ணும் குறை தெரியலம்மா. அவரையும் கூட்டிக்கினு வாங்க. ரெண்டு பேரையும் சேத்துப் பாத்தாதான் ஆவும்" என்று சொல்லி நாலு வருஷம் ஓடியிருந்தது. இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை முப்பது நாள் லீவில் வருகிற மனுஷனை வைத்துக்கொண்டு என்ன வைத்தியம் பார்ப்பது? முதல் வாரம் முழுக்க விருந்து, கடைசி வாரம் முழுக்கப் பெட்டி கட்டுகிற வேலை. எனக்கு அவர் வேண்டும், அவருக்கு இருபத்து நாலு வேண்டும். அதனால் ரூபாய் விழுந்தால் விழட்டும் என்று வெட்கமில்லாமல் இருந்தேன்.

காலையில் முதல் வேலை போனில் ரேட் பார்ப்பது. அடுப்படியிலிருந்து மாமி, அதாவது என் மாமியார், குரல் கொடுப்பார்.

"இன்னாடி, எம்மாம்?"

"அஞ்சு பைசா ஏறிக்குதுங்க மாமி!"

திர்ஹம் ஏறிய நாளில் டீயில் சர்க்கரை ஜாஸ்தி. இறங்கிய நாளில் கம்மி. டீயைக் குடித்தே சங்கராபுரத்தில் எங்கள் தெரு முழுக்க அன்றைய ரேட்டைச் சொல்லிவிடலாம், அத்தனை பேர் எங்கள் வீட்டில் டீ குடிப்பார்கள்.

ரேஷன் கார்டைத் தவிர வேறெதையும் ஊன்றிப் படிக்காத நான், ரிசர்வ் வங்கி என்ன செய்கிறது என்று விசாரிக்கிற அளவுக்கு வந்துவிட்டேன். ரூபாயைத் தூக்கி நிறுத்த அவர்கள் டாலரை எடுத்து விற்கிறார்களாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "விழறத வுட வேண்டிதுதானே மாமி? நடுவுல பூந்து இவங்க இன்னாத்துக்குத் தாங்கிப் புடிக்கறாங்க?" என்று டிவியைப் பார்த்துத் திட்டுவேன். நம் சரக்குக்கு அமெரிக்காக்காரன் வரி போட்டபோது டிவியில் கோட்டுப் போட்ட நாலு பேர் மாரடித்துக்கொண்டார்கள். ரூபாய் இன்னும் விழுமே என்று நானும் மாமியும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டோம்.

மாமா, என் மாமனார், எதிர்க்கட்சி. கடைத்தெருவில் மளிகைக் கடை வைத்திருக்கிறார். "பாமாயில் மலேசியாவுலேந்து கப்பல்ல வருது. அவன் டாலர்தான் கேப்பான். சர்க்காரு வரியக் கம்மி பண்ணாங்க, சரி, வெல எறங்கும்னு பாத்தேன். அந்தக் கம்மிய ரூபா விழுந்து முழுங்கிடுச்சி. வாங்க வர்றவங்க சர்க்காரையா கேக்கறாங்க? எங்கிட்டதான் சண்ட போடறாங்க" என்பார். சாயங்காலம் வடையைக் கையில் எடுத்துக்கொண்டே, "இத சுட்ட எண்ணெ இன்னா வெல தெரியுமா? எல்லாம் உங்க ரெண்டு பேரு துஆவுல ஏறினது" என்பார்.

"அப்ப புள்ள ஊரு வந்து சேர வேணாமா உங்களுக்கு?" என்று மாமி ஒரே கேள்விதான் கேட்பார். மாமா இன்னொரு வடையை எடுத்துக்கொள்வார்.

கச்சிராயபாளையத்தைத் தாண்டி கல்வராயன் மலை அடிவாரத்தில் ஒரு சின்ன தர்கா உண்டு. இருபத்து நாலைத் தொட்டால் அங்கே இனிப்புச் சோறு ஆக்கி ஃபாத்திஹா ஓதுவதாக மாமி நேர்ந்துகொண்டிருந்தார்.

மழை விட்டும் விடாமலும் இருந்த ஒரு நாள், காலை பத்து மணிக்குத் தொட்டேவிட்டது. நான் போட்ட கூச்சலில் மாமி கரண்டியும் கையுமாக ஓடிவந்தார். அவரைக் கட்டிப்பிடித்து அடுப்படியிலேயே இரண்டு சுற்றுச் சுற்றினேன். பால் பொங்கி அடுப்பை அணைத்தது. யாருக்கோ என்னமோ ஆகிவிட்டது என்று பதறி வந்த மாமா, விஷயத்தைக் கேட்டதும் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"போச்சி. டின்னுக்கு இன்னும் ஏத்துவான்."

நான் துபாய்க்குக் குரல்பதிவாகப் பேசி அனுப்பினேன். "தொட்டுடுச்சிங்க! டிக்கெட்டப் போடுங்க!" வேலை நேரத்தில் அவர் போனை எடுக்க மாட்டார். நேர்ச்சையைத் தள்ளிப்போடக் கூடாது என்று மாமி அப்போதே அரிசியைக் களைந்தார். மதியத்துக்குள் வேன் பிடித்துக் கிளம்பினோம். என்றைக்கும் இல்லாமல் மாமாவும் கடையைச் சாத்திவிட்டு வந்து ஏறினார்.

ஏன் வந்தார் என்பது தர்காவில்தான் தெரிந்தது. ஓதுகிற ஹஜ்ரத், "என்ன நிய்யத்துங்க?" என்று கேட்டார்.

"ரூபா விழணும்னு நேந்துக்கினு இருந்தோம். விழுந்துடுச்சி" என்றார் மாமி, முகமெல்லாம் பூரிப்பாக.

மாமா தொண்டையைக் கனைத்தார். "நானும் ஒண்ணு நேந்துக்கினேங்க, இதே எடத்துல. ரூபா எந்திரிச்சா பச்சைப் போர்வை போத்தறேன்னு."

ஹஜ்ரத் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "ஒரே வூட்லேந்தா வர்றீங்க? நான் பொதுவா பரக்கத்து வேணும், நல்லது பெருகணும்னு கேட்டு ஓதிடறேன். மேல இருக்கறவன் பாத்துக்குவான்" என்று கையை ஏந்தினார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியாமல் துப்பட்டாவை வாயில் திணித்துக்கொள்ள வேண்டியதாயிற்று. ஓதி முடிப்பதற்குள் மாமிக்கும் தோள் குலுங்க ஆரம்பித்துவிட்டது.

இவ்வளவு தூரம் வந்துவிட்டு அருவியைப் பார்க்காமல் திரும்புவதா? நான் அடம்பிடித்தேன். வேன் வளைந்து வளைந்து மலை ஏறியது. இரண்டாவது வளைவிலேயே போனில் சிக்னல் போய்விட்டது. அருவியில் தண்ணீர் நன்றாகக் கொட்டியது. நான் சுடிதாரோடு போய் நின்றேன். "எனக்கு வாணாம், ஜலதோஷம் புடிக்கும்" என்ற மாமியை இழுத்துவந்து நிறுத்தினேன். அப்புறம் அவரை வெளியே வரவைக்கத்தான் சிரமமாக இருந்தது. மாமா பாறைமேல் உட்கார்ந்து செருப்புகளுக்கும் மீந்த சோற்றுக்கும் காவல் இருந்தார். ஒரு குரங்கு வந்து தூக்குவாளியைக் கவிழ்த்து இரண்டு கை அள்ளிக்கொண்டு போனது. "துன்னு, துன்னு. உனுக்கும் இருவத்து நாலு தொட்டுடுச்சி" என்றார் மாமா. அவரும் சிரித்துவிட்டார். கல்யாணமான நாளிலிருந்து நான் அவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை.

இறங்கி வந்து கச்சிராயபாளையத்தை நெருங்கும்போது போன் விடாமல் அலறியது. எல்லாம் அவர் அனுப்பிய குரல்பதிவுகள். பெருமையாக எல்லாருக்கும் கேட்கிற மாதிரியே போட்டேன்.

முதலாவதில் சிரித்தார். "பாத்தியா, நான் சொன்னன்ல!"

இரண்டாவது இப்படி இருந்தது: "அவசரப்படாம கேளு. இங்க எல்லாரும் இருவத்தஞ்சு போவும்னு சொல்றாங்க. கம்பெனில இன்னும் ரெண்டு வருஷத்துக்குக் கையெழுத்து கேட்டுக்கினு இருக்காங்க. நாளைக்குப் போட்டுடலாம்னு பாக்கறேன். இவ்ளோ நல்ல ரேட்ட வுட்டுட்டு எவனாச்சும் ஊருக்கு வருவானா?"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. ரூபாய் விழ விழ அவருக்கு அங்கே இருப்பதில்தான் லாபம், வருவதில் இல்லை. ரிசர்வ் வங்கிக்கே புத்தி சொன்ன எனக்கு இந்தச் சின்னக் கணக்கு ஒரு வருஷமாகப் புரியவில்லை. அவர் அங்கேயே இருக்கட்டும் என்றுதான் அத்தனை நாளும் துஆ கேட்டிருக்கிறேன். அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. பாதி அவர்மேல், பாதி என்மேல்.

"வண்டிய ஓரங்கட்டுப்பா" என்றார் மாமா டிரைவரிடம். பிறகு என்னைப் பார்த்து, "இங்க சிக்னல் நல்லா கீது. எறங்கிப் பேசிட்டு வாம்மா" என்றார்.

மக்காச்சோளக் கொல்லை ஓரமாக, சொட்டச் சொட்ட நனைந்த துணியோடு நின்று கூப்பிட்டேன். முதல் மணியிலேயே எடுத்தார்.

"கேட்டியா? கோவிச்சுக்காத. இருவத்தஞ்சு ஆயிட்டா, வூட்டுக்கு மாடிகூட எடுத்துடலாம்..."

"ரேட்டு இருவத்து நாலு" என்றேன். "எனக்கு முப்பத்தஞ்சு. ரெண்டும் ஏறிக்கினுதான் போவுது. நீங்க எதுக்குங்க காத்துக்கினு இருக்கீங்க?"

அவர் வாயைத் திறப்பதற்குள் வேன் ஜன்னலில் தலையை நீட்டி மாமா கத்தினார். "கடைக்கு எடம் நானே பாத்து வெக்கறேன்னு சொல்லும்மா!"

"யாரு, அத்தாவா?" என்றார் அவர், தன் அப்பாவின் குரலைக் கேட்டு. "கையெழுத்து இன்னும் போடல. போடலன்னு சொல்லு."

மூன்று மாதம் கழித்து வந்தார். சென்னை ஏர்போர்ட்டிலிருந்து வரும் வழியில், விழுப்புரம் தாண்டும்வரை என் கையை விடவில்லை. அதற்குமேல் பொறுக்க முடியாமல் போனை எடுத்துப் பார்த்து, "ஐயோ, இன்னும் அம்பது பைசா ஏறிக்கீதே!" என்று நெஞ்சில் கை வைத்தார். நான் போனைப் பிடுங்கி என் பையில் போட்டு ஜிப்பை இழுத்தேன். வீடு வரும்வரை கெஞ்சிக்கொண்டே வந்தார். எனக்குச் சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது.

மறுநாள் காலையிலேயே டாக்டரம்மாவிடம் போனோம். அந்தக் கூடத்தில் எந்த நாற்காலி ஆடும், எந்த ஃபேன் சுற்றாது என்றெல்லாம் எனக்கு மனப்பாடம். நல்ல நாற்காலியாகப் பார்த்து அவரை உட்காரவைத்தேன். டோக்கனை அழைத்தார்கள். இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக, இரண்டு பேர் எழுந்தோம்.