துணிக்கடைக்காரருக்கு அப்புறம் என்ன ஆச்சு?

சில வருடங்களுக்கு முன்னால் ஒரு கார்த்திகை மாதத்தில், ஒரு கம்பளியும் ஒரு பை நிறையப் புத்தகங்களுமாகக் கொல்லிமலைக்கு ஏறினேன். ஏறினேன் என்பதுகூடச் சரியில்லை. என்னை ஏற்றிக்கொண்டு போனார்கள்.

நாமக்கல் பக்கம் அரசு பஸ்ஸில் கண்டக்டர் வேலை எனக்கு. அதற்கு முந்தைய ஐப்பசியில், டெப்போ வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது கிளாஸ் கையிலிருந்து நழுவியது. குனிந்து எடுக்கலாம் என்று நினைத்தது வரைக்கும்தான் ஞாபகம். பக்கவாதம். கூட இருந்தவர்கள் சட்டென்று ஆஸ்பத்திரியில் சேர்த்ததால் பிழைத்துக்கொண்டேன். வலது கையும் காலும் மெல்ல மெல்லத் திரும்பின. பேச்சுதான் திரும்பவில்லை.

ஊமையாகிவிடவில்லை. ஆனால் நினைத்தது வாயில் வராது. தண்ணீர் கேட்க நினைத்தால் நாக்கு அங்கேயே சிக்கி நிற்கும். ஒரே ஒரு சொல் மட்டும் பிசகில்லாமல் வந்தது: "டிக்கெட்." பசித்தாலும் டிக்கெட், ஃபேனை நிறுத்தச் சொல்வதற்கும் டிக்கெட். நாளெல்லாம் ஊர் பேரைக் கூவியே சம்பாதித்தவனுக்கு அது என்ன கொடுமை என்று சொன்னால் புரியாது.

என் மனைவி கொல்லிமலையில், குண்டனி நாடு என்று மலைக்காரர்கள் சொல்லும் பகுதியில், ஒரு சின்ன ஊரில் கிராமச் செவிலியர். துணை சுகாதார நிலையத்தை ஒட்டினாற்போலக் குவார்ட்டர்ஸ். அதுவரை வார விடுமுறைக்கு மட்டும் விருந்தாளி மாதிரி போய்வந்த வீட்டில் இப்போது நோயாளியாகப் போய்ப் படுத்தேன்.

அந்தப் புத்தகங்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். முதலில் என் மச்சினன்தான் தன்னம்பிக்கைப் புத்தகம் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தான். அதைப் பார்த்துவிட்டு, பார்க்க வந்தவர்கள் எல்லோரும் ஆப்பிளுக்குப் பதிலாகப் புத்தகம் வாங்கி வர ஆரம்பித்துவிட்டார்கள். மனத்தை வெல்வது எப்படி, மூச்சை அடக்குவது எப்படி, ரத்தக் கொதிப்பைக் குறைப்பது எப்படி. ஒரு புத்தகம் விடியற்காலையில் எழுந்து நடக்கச் சொன்னது. இன்னொன்று நன்றாகத் தூங்கச் சொன்னது. ஒன்று பழமே உணவு என்றது, இன்னொன்று பழத்தில் சர்க்கரை என்று பயமுறுத்தியது. நான் எல்லாவற்றுக்கும் கீழ்ப்படிந்தேன். என் மனைவி எதற்கும் தலையசைக்காமல், உப்பைக் குறைக்கச் சொன்ன பக்கத்தை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

குறை சொல்லவில்லை. நடைப்பயிற்சிப் புத்தகத்தில் போட்டிருந்தபடி நடந்ததால்தான் என் காலில் தெம்பு வந்தது. வாய்விட்டுப் படியுங்கள், நாக்கு பழகும் என்று டாக்டரும் சொல்லியிருந்தார். மனைவி காலையில் மருந்துப் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு ஊர் ஊராகக் கிளம்பியதும், நான் கட்டிலில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துப் படிப்பேன். முதல் கியரில் கொண்டை ஊசி வளைவு ஏறும் பழைய பஸ் மாதிரி ஒவ்வொரு வார்த்தையும் உறுமி உறுமி வரும். இருந்தாலும் எழுத்து கண்முன்னால் இருந்தால் எப்படியோ வந்துவிடும். புத்தகத்தை மூடினால் ஒன்றும் வராது.

ஒருநாள் ஒரு மருத்துவப் புத்தகத்தில், ஒருமுறை வந்தவர்களுக்கு மறுபடியும் வரலாம் என்று எழுதியிருந்த பக்கத்தைப் படித்துவிட்டேன். அதோடு சரி. பையைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தவன்தான். நாலைந்து நாள் வாயே திறக்கவில்லை. "ஏனுங்க, டிக்கெட்டாவது சொல்லுங்க" என்று மனைவி வேடிக்கையாகக் கேட்டுவிட்டு அடுப்படிக்குப் போய் அழுதாள்.

அது தை மாதம், மிளகு பறிக்கும் காலம். மலையில் சில்வர் ஓக் மரங்களில்தான் மிளகுக் கொடியை ஏற்றிவிடுவார்கள். பக்கத்துக் காட்டில் பறிப்பு நடக்கும்போது ஏணி வழுக்கி ஒருவர் விழுந்துவிட்டார். என் வயதுக்காரர். முழங்காலுக்குக் கீழே நல்ல கிழிசல். சர்க்கரை வேறு இருந்ததால் புண் ஆறாமல் இழுத்தது. தினமும் என் மனைவியிடம் கட்டு மாற்ற வருவார். அவள் திரும்ப மதியமாகும் என்று தெரிந்தும் காலையிலேயே நொண்டி நொண்டி வந்து எங்கள் வராண்டாவில் உட்கார்ந்துவிடுவார். அவரை மிளகுக்காரர் என்றே சொல்கிறேன்.

"ஊட்டுல இருந்தா எல்லாரும் மொளகு பறிக்கறத வேடிக்க பாக்கோணுமுங்க. அதுக்கு இங்கயே குந்தியிருக்கலாம்" என்றார் முதல் நாள். பிறகு, மனைவி வெயிலில் உட்காரவைத்துவிட்டுப் போன என்னைப் பார்த்து, "உங்களுக்கு என்னாச்சுங்க?" என்றார்.

நான் பதில் சொல்லப் போய், "டிக்கெட்" என்றேன்.

மனிதர் சிரித்துவிட்டார். எனக்கு வந்த கோபத்தில் எழுந்து உள்ளே போயிருப்பேன், கால்தான் சட்டென்று ஒத்துழைக்கவில்லை. "உள்ளூருதானுங்க, பஸ்ஸே ஏறல. எனக்கெதுக்கு டிக்கெட்டு?" என்றார். அதைக் கேட்டு எனக்கே சிரிப்பு வந்தது. நோய் வந்த பிறகு நான் சிரித்தது அதுதான் முதல் தடவை.

இருந்தாலும் அவர் மேலும் கேள்வி கேட்டால் என்ன செய்வது என்று பயந்தேன். பேச்சைத் தவிர்க்க ஒரே வழி படிப்பதுதான். மறுநாள் அவர் வந்ததும், பையிலிருந்து கையில் கிடைத்த தன்னம்பிக்கைப் புத்தகத்தை எடுத்துப் பிரித்துச் சத்தமாகப் படிக்க ஆரம்பித்தேன். அதில் ஒரு துணிக்கடைக்காரர் வந்தார். அவர் கடை தீப்பிடித்து எரிந்துபோனது. மனம் தளராமல் உழைத்து மீண்டும் பெரிய ஆளானார். மொத்தமே மூன்று வரி. அதை முடிக்க எனக்கு வெகுநேரம் ஆனது. மிளகுக்காரர் அவசரப்படவில்லை. ஒரு சொல்லுக்காக நான் திணறும்போது எடுத்துக்கொடுக்கவும் இல்லை. எதிரில் இருந்த குச்சிக்கிழங்குக் காட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

முடித்ததும், "அப்பறமுங்க?" என்றார்.

நான் பக்கத்தைக் காட்டினேன். அவ்வளவுதான்.

"அதெப்படீங்க? கட எரிஞ்சு போச்சு. பெரிய ஆளாயிட்டாரு. நடுவுல சோத்துக்கு என்ன பண்ணுனாரு? பொண்டாட்டி புள்ளைங்க எங்க போச்சுங்க?"

புத்தகத்தில் அது இல்லை. அவரோ என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். வேறு வழியில்லாமல் யோசித்தேன். எங்கிருந்தோ, "மா... மாமனாரு ஊட்டுக்கு" என்று வந்தது.

"அப்படிச் சொல்லுங்க! மாமனாரு ஊட்டுல எத்தன நாளைக்கு வெச்சுக்குவாங்க? மச்சான் இருக்கானில்ல?"

அன்று முழுக்க எனக்கு அந்த மச்சான் நினைப்புதான். துணிக்கடைக்காரருக்கு அவன் இடம் கொடுப்பானா, மாட்டானா? மதியம் படுத்தபடி யோசித்தேன். கண்டக்டர் வேலையில் எத்தனை மச்சான்களைப் பார்த்திருக்கிறேன்! சாமான் மூட்டைகளோடு பிறந்த வீட்டுக்குப் போகும் பெண்கள், பஸ்ஸிலேயே நடக்கும் பங்காளிச் சண்டைகள், ஜன்னலோரம் உட்கார்ந்து யாருக்கும் தெரியாமல் கண்ணைத் துடைத்துக்கொள்ளும் ஆண்கள். எல்லோரும் வரிசையாக ஞாபகத்துக்கு வந்தார்கள். என் நாக்கைத் தவிர வேறொன்றைப் பற்றி நான் நினைத்து எத்தனையோ வாரங்கள் ஆகியிருந்தன.

அதற்குப் பிறகு தினமும் கொஞ்சம் படிப்பேன், கொஞ்சம் நானாகச் சொல்வேன். துணிக்கடைக்காரர் மாமனார் வீட்டில் அவமானப்பட்டார். மூட்டை தூக்கினார். மகளுக்குக் காய்ச்சல் வந்தது. மச்சான் ஒருநாள் நல்லவனாகவும் மறுநாள் கெட்டவனாகவும் இருந்தான். அது நான் முந்தின நாள் சொன்னதை மறந்ததால். மிளகுக்காரர் மறக்கவே மாட்டார். "நேத்து அவன் கடன் குடுத்தான்னீங்களே?" என்று பிடித்துக்கொள்வார். தப்பிக்கவாவது நான் பேசியாக வேண்டியிருந்தது. நர்சம்மாவுக்காகக் காத்திருக்கும் கர்ப்பிணிகளும் கைக்குழந்தைக்காரிகளும் கொஞ்சம் கொஞ்சமாக வராண்டா பக்கம் நகர்ந்து வந்தார்கள். சுற்றிலும் தார்ப்பாயில் காயும் மிளகின் காரவாசனை. இப்போதும் ரசத்தில் மிளகு தட்டிப் போட்டால் எனக்கு அந்த வராண்டாதான் முன்னால் வந்து நிற்கிறது.

ஒருநாள் பெண்கள் யாரும் வரவில்லை. மிளகுக்காரர் கதை கேட்கவில்லை. கட்டுப் போட்ட காலைத் தடவியபடி, "கண்டக்டரே, புண்ணு ஆறிப்போயிரும். ஆனா மரத்தப் பாத்தாலே காலு நடுங்குதுங்க. ஊட்டுல யாருகிட்டயும் சொல்லல" என்றார்.

பையிலிருந்த ஒரு புத்தகத்தில் பயத்தை வெல்வது பற்றி ஒரு அத்தியாயம் இருந்தது. அதைத் தேடி எடுத்து முடிந்தவரை திருத்தமாகப் படித்தேன். முடித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தால் அவர் சுவரில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தார். பல நாள் தூக்கமில்லாத முகம். நான் எழுப்பவில்லை. புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு ஈ விரட்டிக்கொண்டிருந்தேன்.

மாசி மாதம் ஒரு மதியம். வாசலூர்பட்டிப் பக்கம் போயிருந்த மனைவி வழக்கத்தைவிடச் சீக்கிரமாகத் திரும்பிவிட்டாள். நான் கவனிக்கவில்லை. வராண்டா நிறைய ஆட்கள். துணிக்கடைக்காரர் ஒரு தள்ளுவண்டியில் துணிகளைப் போட்டுக்கொண்டு, கடை எரிந்த அதே தெருவுக்கு முதல் தடவையாகப் போகிறார். பழைய வாடிக்கைக்காரர்கள் முகத்தில் எப்படி விழிப்பது என்று அவர் தயங்குகிற கட்டத்தைச் சொல்லிக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தால் குழாயடியில் மருந்துப் பெட்டியைக்கூட இறக்காமல் அவள் நின்றுகொண்டிருக்கிறாள்.

"புஸ்தகம் எங்கீங்க?" என்றாள்.

மடியில் பார்த்தேன். இல்லை. காலையில் அதை வெளியே எடுத்துவரவே இல்லை. உள்ளே கட்டிலில் கிடந்தது.

அவள் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சுகாதார நிலையத்தின் பூட்டைத் திறந்தாள். சாதாரணப் பூட்டு. அன்று அதைத் திறக்க அவளுக்கு ரொம்ப நேரம் பிடித்தது. அன்றைக்குக் குழம்பில் உப்பு கொஞ்சம் தாராளமாகவே இருந்தது.

பேச்சு முழுசாகத் திரும்பிவிட்டது என்று சொல்ல மாட்டேன். இன்றைக்கும் களைத்துப்போனால் நாக்கு குழறும். ஆனால் அந்தச் சித்திரையில் டாக்டர் என்னை வேலைக்குப் போகலாம் என்றார். ஊருக்குக் கிளம்பிய அன்று மிளகுக்காரர் பஸ் நிறுத்தத்துக்கு வந்தார். காலில் வடு மட்டும் மிச்சம். மரம் ஏறுவதை அண்ணன் மகனிடம் விட்டுவிட்டதாகவும், கீழே நின்று எட்டுகிற கொடியை மட்டும் பறிப்பதாகவும் சொன்னார். அதைச் சொல்லும்போது தலையைக் குனிந்துகொண்டார். நான் அவர் தோளைப் பிடித்துக்கொண்டேன். "போயிட்டு வாங்க சாமி" என்றார், பிள்ளைகளைச் செல்லமாகக் கூப்பிடுகிற மாதிரி, தன் வயதுக்காரனான என்னைப் பார்த்து.

அந்த பஸ்ஸின் கண்டக்டர் எனக்குத் தெரிந்த பையன். வளைவுகளெல்லாம் இறங்கி, அடிவாரம் நெருங்கும்போது என் சீட் பக்கம் வந்தான்.

"அண்ணா, காரவள்ளி வருது. நீங்க கூப்புடுங்க."

என்னைக் கொண்டுவிடக் கூடவே வந்த மனைவி என் பக்கம் திரும்பினாள். வேண்டாம் என்று கண்ணைக் காட்டினாள். தோற்றுப்போய்விடுவேனோ என்ற பயம் அவளுக்கு. எனக்கும்தான். கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றேன்.

"காரவள்ளி! காரவள்ளி எறங்கறவங்கல்லாம் முன்னாடி வாங்க!"

யாரும் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஒரு அம்மா பலாப்பழத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு, "இருங்க சாமி, வாரேன்" என்று முணுமுணுத்தபடி முன்னால் போனார். கண்டக்டர் கூப்பிட்டால் எப்படி வருவார்களோ அப்படி. அதைவிடப் பெரிய மரியாதை எனக்கு வாழ்க்கையில் கிடைத்ததில்லை.

இரண்டு வருடம் கழித்து மனைவிக்கும் சமவெளிக்கு மாற்றல் வந்துவிட்டது. நோயில் கிடந்த காலத்துக்காக யாராவது ஏங்குவார்களா? நான் ஏங்குகிறேன். யாருக்காவது உடம்பு சரியில்லை என்று கேள்விப்பட்டால் நானும் ஒரு நல்ல புத்தகம் வாங்கிக்கொண்டுதான் போகிறேன். ஆனால் கொடுத்த கையோடு கிளம்பிவிடுவதில்லை. அவர்கள் வாயிலிருந்து தானாக ஒரு வார்த்தை வரும்வரை, எத்தனை நேரமானாலும், எடுத்துக்கொடுக்காமல் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன்.