ஜமீல் பாய் நிறுத்திய இடம்

அவனியாபுரத்தில் பட்டறை வைத்து ஆட்டோவுக்கும் வேனுக்கும் சீட் தைத்துக் கொடுக்கும் ஜமீலைப் பாதிப் பேருக்குத் தும்பா ஜமீலாகத்தான் தெரியும். கல்யாணக் கச்சேரியில் அவர் தும்பா என்கிற அந்த உயரமான கை மேளத்தில் கை வைத்தால் மாப்பிள்ளை வீட்டுப் பெரிசுகள்கூட நாற்காலியில் உட்கார்ந்தபடியே ஆடும். ஷேர் ஆட்டோ கவிழ்ந்து அவருடைய வலது மணிக்கட்டு முறிந்ததும் கச்சேரிக்காரர்கள் அவருக்குப் பதிலாக ரிதம் பேட் என்கிற மின்சாரத் தாளப் பெட்டியை வாங்கிக்கொண்டார்கள். எலும்பு கூடியது, பழைய வலு மட்டும் திரும்பவில்லை. இனி மேடை கிடையாது என்று தும்பாவைப் பட்டறை மூலையில் போட்டுவிட்டு மனதைத் தேற்றிப் பார்த்தார். அது எங்கே தேறுகிறது?

அப்போதுதான் ஸ்டீபன் வந்து சேர்ந்தான். மிஷன் பள்ளிக்கூடத்துக் கணக்கு வாத்தியார். கையில் கிடார், தலையில் கிறுக்கு. ஸ்பெயின்காரர்களின் ஃபிளமென்கோ கிடார் இசையை யூடியூப் பார்த்தே பழகியவன். அதற்கு அடியில் கியூபா பக்கத்து லத்தீன் ஜாஸ் தாளத்தை ஓடவிட வேண்டும் என்று அவனுக்கு ஆசை.

"எனக்கு இடி மாதிரி அடி வேணாம் பாய். மெதுவா உருட்டுனாப் போதும்."

"என் கைக்கு அம்புட்டுத்தான் வரும் மாப்ள."

"அம்புட்டுத்தான் எனக்கும் வேணும்."

அன்றைக்கு அந்தி மஃரிபு தொழுகையில் ஜமீல் அவன் பேரையும் சொல்லித் துஆ கேட்டார்.

ஒரே ஒரு சிக்கல். ஃபிளமென்கோவில் கிடார் உச்சத்துக்கு ஏறும்போது எல்லோரும் சட்டென்று நிறுத்திவிட வேண்டும். தாளத்தை மனசுக்குள் ஓடவிட்டு, பிறகு ஒன்றாகச் சேர்ந்து பிடிக்க வேண்டும். ஜமீலுக்கு அது மட்டும் வரவே இல்லை. கல்யாணக் கச்சேரியில் சத்தம் நின்றால் கூட்டம் பந்திக்கு எழுந்துவிடும் என்பதால், இடைவெளி வந்தாலே கை தானாகப் போய் நிரப்பிவிடும். ஒத்திகை முழுக்க நிரப்பித் தொலைத்தார். ஸ்டீபன் ஒரு தடவைகூட முகம் சுளிக்கவில்லை.

பள்ளிக்கூட ஆண்டு விழாவில் அரங்கேற்றம். இதிலும் கை சொதப்பினால் தும்பாவை விற்றுத் தள்ளிவிடுவது என்று ஜமீல் முடிவு செய்திருந்தார். மனைவி சைனபுக்கு மட்டும் அது தெரியும்.

மேடையில் கிடார் ஏறியது. நிறுத்தும் இடம் வந்ததும் ஜமீல் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் செருகிக்கொண்டார். மண்டபம் மூச்சைப் பிடித்துக்கொண்டது. மைக் செட்காரர் முத்திருளனுக்கோ இந்த நிறுத்தம் தெரியாது. லைன் போச்சு என்று மேடைக்கு ஓடி வந்தவர், ஸ்டீபன் காலடியில் குனிந்து ஒயரைப் பிடித்து ஆட்டினார்.

"எங்கயும் அத்துப்போகலயே வாத்தியாரே!"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. ஸ்டீபனும் சிரித்தான், சிரித்ததில் கணக்கு வாத்தியாருக்கே தாளக் கணக்கு தப்பிப்போனது. திரும்பி ஜமீலைப் பார்த்தான்.

ஜமீலுக்குள் தாளம் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது. கையை உருவி, விழ வேண்டிய இடத்தில் மெல்லப் போட்டார். ஸ்டீபன் அதைப் பிடித்துக்கொண்டு ஏறினான். மணிக்கட்டு விண்விண்ணென்று தெறித்தது. கடைசி அடி வரைக்கும் ஜமீல் விடவில்லை.

கீழே இறங்கியதும் ஸ்டீபன் அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டான்.

"நீங்க இல்லேன்னா செத்தேன் பாய்."

ஜமீல் அவன் முதுகைத் தட்டிக்கொடுத்தார். யார் யாருக்கு நன்றி சொல்வது என்று இந்தப் பயலுக்குத் தெரியவில்லையே என்று மட்டும் நினைத்துக்கொண்டார்.

வாசலில் சைனப் ஆட்டோவை நிறுத்தி வைத்திருந்தாள்.

"தும்பாவப் பட்டறையில போடாதீங்க. வீட்டுக்குக் கொண்டு வாங்க."

"வீட்டுல ஏது எடம்?"

"கெளம்பும்போதே ஒழிச்சு வச்சுட்டுத்தான் வந்தேன்."