துணி முயல்

குழந்தைகள் வார்டில் அவளுக்கு 'சோப்பு சிஸ்டர்' என்று பெயர். அவள் தலை தெரிந்தாலே பெரிய டாக்டர்கூட வாட்சைக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டு குழாயடிக்கு நடப்பார். கை கழுவாமல் கட்டிலைத் தொட்டவர் யாராக இருந்தாலும் வறுத்தெடுத்துவிடுவாள்.

அப்படியும் அந்த வாரம் வார்டுக்குள் காய்ச்சல் நுழைந்தது. முதலில் ஜன்னலோரக் கட்டில், பிறகு அதற்கு எதிர்க்கட்டில், பிறகு மூலைக்கட்டில். வாளி, துடைப்பம், குழாய் என்று ஒன்று விடாமல் சோதித்தாள். தரை துடைக்கிறவளைத் திட்டி அழவைத்தாள். ஒன்றும் பிடிபடவில்லை.

மூலைக்கட்டில் குழந்தை காய்ச்சலில் முனகியது. "முயல் எங்கம்மா?"

"பக்கத்துப் பாப்பாவுக்குக் குடுத்திருக்கு கண்ணு. அதுக்கும் காலைல ஊசி போட்டாங்கல்ல" என்றாள் தாய்.

கட்டிலுக்கடியில் குனிந்து பார்த்துக்கொண்டிருந்த சிஸ்டர் சட்டென்று நிமிர்ந்தாள். ஊசிக்கு அழும் குழந்தைகளுக்காக அவளே தைத்துக் கொண்டுவந்த முயல் அது. ஒரு குழந்தை அழுது ஓய்ந்ததும் அடுத்த குழந்தைக்குப் போகும். அந்த வார்டில் அவள் கழுவச் சொல்லாத பொருள் அது ஒன்றுதான்.

விறுவிறுவென்று பக்கத்துக் கட்டிலுக்குப் போனாள். குழந்தை அசந்து தூங்கிக்கொண்டிருந்தது. முயலின் ஒரு காது அதன் வாய்க்குள் இருந்தது.