இத்தா வீட்டில் ஒரு தொங்கல்

ஆதிலாவுக்குக் கைவேலை வராது. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் இந்த ஊர் அவளுக்குச் "சோடனைக்காரி" என்று பட்டம் கட்டிய கதையைத்தான் சொல்லப் போகிறேன். பள்ளிக்கூடத்தில் அவள் செய்துகொண்டு போன கடதாசி ரோசாவை முட்டைக்கோசு என்று நினைத்து ரீச்சர், "கோவாவா மகள்?" என்று கேட்டாராம். வேறு பிள்ளையென்றால் அழுதிருக்கும். இவள், "ஓம் ரீச்சர், கோவாதான்" என்று சொல்லிவிட்டு வந்து குந்தியிருக்கிறாள்.

சாய்ந்தமருதில் அவள் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் இடையில் ஒரு மதில்தான். எங்கள் வீதியில் முதன்முதலில் ஸ்கூட்டி ஓடிய பொம்பிளை அவள். அதைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டவர்களையே, காய்ச்சல் என்றதும் பின்னால் ஏற்றிக்கொண்டு போய் ஆஸ்பத்திரியில் இறக்கியும் விட்டிருக்கிறாள். எனக்கு அவளைவிட ஐந்து வயது கூட. இருந்தும் அவளுடைய துணிச்சலில் எனக்குக் கொஞ்சம் பொறாமை உண்டு, மறைக்கப் போவதில்லை.

அவளுடைய புருஷன் காலிதீன் அரிசி லொறி ஓட்டியவர். மகள் ஸாலிஹா ஏழாம் மாதத்திலேயே பிறந்துவிட்டாள். பிள்ளைக்கு நாற்பது நாள் முடிந்த கிழமை, லொறியிலிருந்து இறங்கிய மனிசன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு குந்தினார். பிறகு எழும்பவில்லை. ஆதிலா வெள்ளை உடுத்து இத்தாவில் இருந்தாள். புருஷனை இழந்தவள் நான்கு மாதமும் பத்து நாளும் வீட்டோடு இருக்க வேண்டும். சோடிக்கக் கூடாது, கண்ணுக்குச் சுறுமா கூடாது, அத்தர் கூடாது. ஒன்றிலும் அவள் குறை வைக்கவில்லை. காலிதீன் என்றால் அவளுக்கு உயிர்.

பிள்ளையின் வைத்தியத்துக்கு வெளியே போகத் தடையில்லை என்பதால் கண் கிளினிக்குக்கு நான்தான் கூடப் போனேன். பிள்ளை நேரத்துக்கு முந்திப் பிறந்ததால் கண்ணின் உட்பக்கம் சரியாக வளரவில்லை போலத் தெரிகிறது என்றார் டொக்டர் அம்மா. "ஒரு சாண் தூரத்தில கறுப்பும் வெள்ளையுமா எதையாவது தொங்கவிட்டு அசைச்சுக் காட்டுங்க. ஆறு கிழமையில, ஒண்டர மாசத்தில, கண் அதுக்குப் பின்னால போகுதா எண்டு பார்ப்பம்."

மறுநாள் கல்முனை பஸாருக்குப் போய்க் கறுப்பிலும் வெள்ளையிலும் பிறிஸ்டல் போட் அட்டை, தங்கூசி நூல், கோந்து, மெல்லிய மூங்கில் குச்சிகள் எல்லாம் வாங்கி வந்து கொடுத்தேன். அட்டையில் வட்டங்கள் வெட்டி, குச்சிகளில் கட்டி, தொட்டிலுக்கு மேலே ஒரு தொங்கல் செய்யப் போனாள். இரண்டு நாள் அந்தக் குச்சிகள் அவளைப் படுத்திய பாடு! பெரிய குச்சியை முதலில் விட்டத்தில் கட்டிவிட்டு, அதன் கீழே ஒவ்வொன்றாகத் தொங்கவிட்டாள். ஒரு வட்டத்தைக் கூட்டினால் எல்லாம் ஒரு பக்கம் சரிந்து குத்திக்கொண்டு நின்றது. பாரமான வட்டத்தை வெட்டிச் சிறிதாக்கச் சொன்னேன்.

"வட்டம் பெருசாத்தான் இரிக்கணும் ராத்தா. முடிச்சத் தள்ளிப் பாப்பம்" என்றாள்.

மூன்றாம் நாள்தான் சூட்சுமம் பிடிபட்டது. ஆக அடியில் வரும் குச்சியைத்தான் முதலில் கட்ட வேண்டும். அதன் இரண்டு முனையிலும் வட்டங்களைக் கட்டி, நடு நூலை அங்குமிங்கும் தள்ளி, குச்சி மட்டமாக நிற்கும் இடத்தில் முடிச்சிட்டு ஒரு துளி கோந்து. பிறகு அதை அப்படியே மேல் குச்சியின் ஒரு முனையில் கட்டி, மறு முனைக்குப் பாரம் தேட வேண்டும். இப்படி மூன்று குச்சி, நான்கு வட்டம். தொட்டிலுக்கு மேலே அது மெல்லச் சுழன்றபோது கோவாக்காரியா செய்தாள் என்று எனக்கே நம்ப முடியவில்லை.

அன்றைக்கே வந்து சேர்ந்தா ஹாஜறா, காலிதீனுடைய மூத்த சகோதரி. நல்ல மனிசிதான். ஆனால் ஊர் வாய்க்குப் பயந்து பயந்தே அரை ஆயுளைக் கழித்தவ.

"இத்தா வீட்டில இதென்ன சோடன?"

"சோடன எனக்கில்ல மதினி. ஸாலிஹாட கண்ணுக்கு."

"ஊரு என்ன கதைக்கும்? என்ட தம்பி மௌத்தாகி ரெண்டு மாசம் ஆகல்ல."

"எனக்குச் சுறுமா கூடாது, நான் போடல்ல. புள்ளட கண்ணுக்கு வேல குடுக்கக் கூடாதெண்டு எங்க இரிக்கி?"

என் புருஷன் பளீல் போய் மௌலவியிடமே கேட்டு வந்தார். பிள்ளைக்குச் செய்வதில் ஒரு குற்றமும் இல்லை என்றுதான் அவரும் சொன்னார். மார்க்கம் விட்டாலும் ஊர் விடுமா? "சோடனைக்காரி" என்று வீதியில் பேச்சுக் கிளம்பியதும், ஆதிலா மத்தியானம் லுஹர் தொழுதுகொண்டிருந்த நேரம் பார்த்து ஹாஜறா அதைக் கழற்றி அலுமாரிக்கு மேலே போட்டுவிட்டா. தொழுகை முடிந்து சலாம் கொடுத்து எழும்பிய ஆதிலா அதைக் கீழே இறக்கினாள். சிக்கிய நூலை ஒரு மணித்தியாலம் இருந்து பிரித்து, மறுபடியும் அதே இடத்தில் மாட்டிவிட்டுத்தான் வாய் திறந்தாள்.

"இது என்ட வீடு மதினி."

எங்கள் பக்கம் வீடு பெண்ணுக்குத்தான் எழுதுவது. காலிதீனே அவள் வீட்டுக்கு வாழ வந்தவர்தான். ஹாஜறா செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டா. மூன்று நாள் அந்தப் பக்கம் வரவில்லை.

ஆறு கிழமையும் ஆதிலா அந்தத் தொட்டிலடியில்தான். ஊதுவாள், தட்டுவாள், வட்டங்களைக் கிட்ட இறக்குவாள், தூர ஏற்றுவாள். ஸாலிஹாவின் கண் எங்கேயோ நிற்கும். எனக்குப் பொறுக்காமல், "இப்ப பாத்தாள் போல இரிக்கி" என்று ஒருநாள் சொல்லிவிட்டேன்.

"பொய் சொல்லாதீங்க ராத்தா. பாக்கக்குள்ள நானே சொல்றன்."

அவள் சொல்லவில்லை. கிளினிக்கில் டொக்டர்தான் சொன்னார். வெளிச்சமும் இருட்டும் தெரியலாம், அதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம். வீடு வந்து சேரும்வரை ஆட்டோவில் ஆதிலா பிள்ளையின் போர்வையைச் சரிசெய்துகொண்டே இருந்தாள். நான்தான் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதேன்.

வீட்டில் ஹாஜறா காத்திருந்தா. விசயம் கேட்டதும் பிள்ளையை வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு விம்மினா. பிறகு விட்டத்தைப் பார்த்தா.

"அல்லாட நாட்டம் மகள். சபூர் செய்யி, பொறுத்துக்க. இனி இதக் கழட்டு. பாக்காத புள்ளைக்கி இது என்னத்துக்கு?"

ஆதிலா கதிரையில் ஏறி அதைக் கழற்றினாள். கடைசியில் இவளும் மனம் விட்டுவிட்டாள் என்றுதான் நினைத்தேன். ஆனால் அவள் கத்தரிக்கோலை எடுத்து வட்டங்களை மட்டும் வெட்டிப் போட்டாள், குச்சிகளை விட்டுவிட்டாள். அலுமாரியைத் திறந்து ஒரு லேஞ்சித் துணி முடிச்சை எடுத்து அவிழ்த்தாள். காலிதீன் மௌத்தான அன்று கையிலிருந்து கழற்றிய கண்ணாடி வளையல்கள்.

"நாட்டம் அவன்ட. அதோட நான் சண்டைக்கிப் போகல்ல" என்றாள். "கை என்ட. அது சும்மா இரிக்காது."

"வளையலா? இத்தாவுலயா?" ஹாஜறா கிட்ட வந்து குனிந்து பார்த்தா.

"என்ட கையில இல்லையே மதினி." வெறும் கைகள் இரண்டையும் நீட்டிக் காட்டிவிட்டு அவள் வேலையில் குனிந்தாள்.

வளையல் கடதாசியைவிடப் பாரம். பழைய முடிச்சு ஒன்றும் சரிவரவில்லை. அடிக் குச்சியிலிருந்து எல்லாவற்றையும் புதிதாகத் தொடங்கினாள். இரண்டு இரண்டாகச் சேர்த்துக் கட்டி, ஒன்றில் ஒன்று படுகிறதா என்று தட்டிப் பார்த்து, நூலைக் குறைத்து, கூட்டி, பின்னேரம் அஸருக்குப் பாங்கு சொல்லும்போதுதான் முடிந்தது. தொழுதுவிட்டு வந்து பாயில் கிடத்தியிருந்த ஸாலிஹாவின் வலப்பக்கமாக அதைப் பிடித்து ஊதினாள். வளையல்கள் கிணுகிணுத்தன.

காலை உதைத்துக்கொண்டு கிடந்த பிள்ளை சட்டென்று நின்றது. தலை மெதுவாக வலப்பக்கம் திரும்பியது. ஆதிலா இடப்பக்கம் போனாள், ஊதினாள். தலை இடப்பக்கம் வந்தது. தற்செயல் என்று நினைத்தேன். மூன்றாம் தடவையும் திரும்பியது, கையையும் நீட்டியது.

காலிதீனின் மய்யித்து வீட்டில்கூட அழாத ஆதிலா அப்போது அழுதாள். சத்தம் போட்டு, பிள்ளையைப் பார்த்துச் சிரித்துச் சிரித்து அழுதாள். ஹாஜறாவுக்கும் கண்ணீர் வழிந்தது. ஆனாலும் பழக்கம் விடவில்லை, வாசலை எட்டிப் பார்த்தா.

"மெதுவா மகள்... சத்தம் ரோட்டுக்குக் கேக்குது."

ஆதிலா வெள்ளைச் சட்டைக் கையால் முகத்தைத் துடைத்தாள். தொங்கலைத் தொட்டிலுக்கு மேல் மாட்டினாள். இத்தா தொடங்கிய நாளிலிருந்து சாத்திக் கிடந்த ரோட்டுப் பக்க யன்னலிடம் போய், திரைச்சீலையை விலக்காமலே, கொளுக்கியைத் தட்டி இரண்டு கதவையும் வெளியே தள்ளினாள். கடற்காற்று உள்ளே வந்தது. வளையல்கள் எல்லாம் ஒன்றாகக் குலுங்கின.

"கேக்கட்டும் மதினி."