கலால் அலுவலரைக் கீரை தின்னவைத்த கம்பவுண்டர்

ஏலமலைத் தோழர்களே! முதுகொடிய உழைக்கும் தமிழரைக் கஞ்சாக்காரர் என்று ஐயுறும் கொடுமை இன்னும் ஓயவில்லை. அதை நேர்நின்று எதிர்த்த நம் கம்பவுண்டர் சுடலைமுத்து மறைந்துவிட்டார். வண்டன்மேட்டில் நான் பேருந்தைவிட்டு இறங்கியதும் தேநீர்க்கடைக்காரர் கையைப் பற்றிச் செய்தி சொன்னார். சொல்லி முடிக்குமுன் அவரே சிரித்துவிட்டார். "மன்னிச்சுக்கோங்கய்யா, அந்த மனுசன் பேரச் சொன்னாலே கீரைதான் நெனப்புக்கு வருது" என்றார். நானும் சிரித்தேன்.

தோட்ட மருந்தகத்தில் வலி நீக்கும் மார்பியா மருந்து சிறு பெட்டியில் பூட்டப்பட்டிருக்கும். திறவுகோல் சுடலைமுத்துவின் அரைஞாணில் தொங்கும். மேலாளரின் விருந்தினர் ஒருவர் உறக்கம் வரவில்லை என்று அம்மருந்தைக் கேட்டு ஆளனுப்பினார். "டாக்டர் சீட்டு இல்லாம தொரையே வந்தாலும் கெடையாது. நாளைக்கு ரெண்டு மூட ஏலக்கா சொமக்கச் சொல்லு, தூக்கம் தானா வரும்" என்று சுடலைமுத்து திருப்பியனுப்பினார். போதைப்பொருளுக்குக் கடிவாளம் வேண்டும் என்பதில் அவருக்கு ஐயமே இல்லை. அந்தக் கடிவாளம் கீரைப்பாத்தியில் போய் மாட்டியபோதுதான் சீறினார்.

எங்கள் தோட்டத் தொழிலாளி பேச்சியம்மாள், தோட்டம் கொடுத்த வரிசைவீடான தம் லயத்து வீட்டின் பின்னால் புளிச்சைக் கீரை போட்டிருந்தார். விரல் விரித்தாற்போன்ற அதன் இலையைக் கண்டு, கேரளக் கடற்கரைப் பக்கமிருந்து புதிதாக வந்த கலால் அலுவலர் கஞ்சா என்று முடிவுகட்டினார். பாத்தியை வேரோடு பறித்தார். மலையாளத்தில் எழுதிய தாளில் பேச்சியம்மாளின் கைந்நாட்டை வாங்கினார். அலுவலகத்துக்கு அழைத்துப் போனார். கணவரை இழந்த அந்த அம்மையார் சிறை புகுந்தால் வேலையும் போகும், லயத்து வீடும் போகும்.

சுடலைமுத்துவும் நானும் விரைந்தோம். "தொண்டிமுதலாக்கும் இது. தொடக்கூடாது" என்று, வழக்குச் சான்றாகக் கைப்பற்றிய கீரைக்கட்டை அலுவலர் மறைத்தார்.

"ஒரே ஒரு எலையக் கடிங்க சார். பல்லு கூசலைன்னா என்னையும் சேத்து உள்ள போடுங்க" என்றார் சுடலைமுத்து.

முதலில் அலுவலரின் வண்டி ஓட்டுநர் கடித்துக் கண்ணை இறுக மூடிக்கொண்டார். பிறகு அலுவலர் கடித்தார். "நல்ல புளி" என்றார் மெல்ல.

"புளிக்காம? வேரோட புடுங்கிட்டீகளே, வெதைய யாரு தருவா, ஒங்க ஆத்தாளா?" என்றார் பேச்சியம்மாள்.

வாடுமுன் சமைத்துவிடலாம் என்று சுடலைமுத்து அங்கேயே அடுப்பு மூட்டச் சொன்னார். மிளகாயும் பூண்டும் சேர்த்துக் கடைந்த கீரையை அலுவலர் மும்முறை கேட்டு வாங்கினார். "தொண்டிய நீங்களே தின்னுட்டீக. இனி கேசு ஏது சார்?" என்றார் சுடலைமுத்து. அலுவலரே புரையேறும்வரை சிரித்தார்.

அந்தச் சிரிப்புக்கிடையே கைந்நாட்டுத் தாளை வாங்கி, மலையாளம் அறிந்த சுடலைமுத்து அதைத் தமிழில் உரக்கச் சொன்னார்: கஞ்சா பயிரிட்டதை ஒப்புக்கொள்கிறேன்.

பேச்சியம்மாளின் அகப்பை நின்றது. "கீர இருந்துச்சுன்னு எழுதிருக்குன்னுல்ல சொன்னாக" என்றார்.

அலுவலர் அவ்வரியை அடித்துக் கையொப்பமிட்ட பிறகே சுடலைமுத்து சோற்றில் கைவைத்தார். "சட்டம் ஊருக்குக் காவல்தான். ஆனா நம்மகிட்ட நம்ம பாசையில பேசட்டும்" என்பார் பிற்காலத்தில்.

படித்துக்காட்டாத தாளில் கைந்நாட்டு வைக்கவிடாத அவருடைய பிடிவாதத்தை நான் எனக்கென வைத்துக்கொண்டேன். தோழர்களே, நாளைக் காலையே கலால் அலுவலகத்துக்குத் திரண்டு வாருங்கள். தமிழில் படித்துக்காட்டாத எந்தத் தாளிலும் எங்கள் விரல் பதியாது என்று எழுதிக்கொடுப்போம். அதற்கு ஒப்புகை பெறாமல் ஒருவரும் படியிறங்காதீர்கள்!